சென்னை – டொரண்டோ: எத்தனை கிமீ, எத்தனை மணி நேரம்? எல்லாரும் கேக்குற கேள்விகள்

சென்னையிலேருந்து டொரண்டோ போக எவ்ளோ நேரம் ஆகும்னு கேட்டா ஒருத்தர் 20 மணி நேரம்பார், இன்னொருத்தர் 32ம்பார், ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். ஏன் இவ்ளோ வித்தியாசம்னு புரிஞ்சுட்டா டிக்கெட் எடுக்கற வேலை பாதி முடிஞ்ச மாதிரி. அம்மா அப்பாவ முதல் தடவையா கனடாவுக்குக் கூப்பிடுறவங்களும், படிக்கப் போற பசங்களும் மாத்தி மாத்திக் கேக்குற கேள்விங்கதான் கீழ இருக்கு. ஃப்ளைட் டைமிங் எல்லாம் சீசனுக்கு சீசன் மாறும், அதனால ரவுண்டாத்தான் சொல்லியிருக்கேன், பத்து இருபது நிமிஷத்துக்கெல்லாம் சண்டைக்கு வராதீங்க.

சென்னைக்கும் டொரண்டோவுக்கும் நேர் தூரம் எவ்ளோ?

சுமார் 13,400 கிமீ. மைல் கணக்குல 8,300 சொச்சம், பைலட்டுங்க பேசுற நாட்டிக்கல் மைல்ல 7,230 கிட்ட. இது மீனம்பாக்கத்துலேருந்து பியர்சன் ஏர்போர்ட் வரைக்கும் (அது டொரண்டோவுல இல்ல, பக்கத்துல மிசிசாகாவுல இருக்கு). பூமியோட சுற்றளவு 40,000 கிமீன்னா அதுல மூணுல ஒரு பங்க நீங்க தாண்டுறீங்க.

நேர் தூரம்னா எந்த வழியா? மேப்ல பாத்தா துபாய், ஐரோப்பா, அட்லாண்டிக்னுதானே தெரியுது?

தட்டையான மேப்ப மூடி வெச்சுடுங்க. வீட்ல உருண்டை குளோப் இருந்தா ஒரு நூலை எடுத்து சென்னையில ஒரு முனை, டொரண்டோவுல ஒரு முனை வெச்சு இழுத்துப் பிடிங்க. நூல் மேற்க போகாது, சர்ருன்னு வடக்க ஏறும். தெலங்கானா, ராஜஸ்தான், இஸ்லாமாபாத் பக்கம், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவோட யூரல் மலை, வெள்ளைக் கடல், அப்புறம் பேரண்ட்ஸ் கடல், கிரீன்லாந்து, அங்கேருந்து கியூபெக் வழியா கீழ இறங்கி டொரண்டோ. உச்சத்துல 73, 74 டிகிரி அட்சரேகை வரைக்கும் போயிடும், அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல. சென்னை 80 டிகிரி கிழக்குல இருக்கு, டொரண்டோ ஏறக்குறைய 80 டிகிரி மேற்குல இருக்கு, உருண்டைக்கு ஏறக்குறைய அந்தப் பக்கம், அதனாலதான் தலைக்கு மேல ஏறிப் போறதுதான் குறுக்கு வழி.

ஆனா நிஜத்துல இந்த நூல் போற வழியில அப்படியே யாரும் பறக்கறதில்ல. அதுல ரெண்டு பெரிய பூட்டு இருக்கு. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் கனடா ரஷ்ய விமானங்களுக்கு வானத்த மூடுச்சு, ரஷ்யாவும் பதிலுக்கு கனடா, ஐரோப்பிய கம்பெனிகளுக்கு மூடிடுச்சு. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடுச்சு. ஆக ஏர் கனடாவுக்கு பாகிஸ்தான் ஓகே ரஷ்யா கிடையாது, ஏர் இந்தியாவுக்கு ரஷ்யா ஓகே பாகிஸ்தான் கிடையாது. ஒரே நூல்ல ஆளுக்கு ஒரு இடத்துல முடிச்சு விழுந்திருக்கு. டெல்லி – டொரண்டோ ஃப்ளைட்டோட நேரம் பழைய பதிவுல ஒண்ணும் புதுப் பதிவுல ஒண்ணும் போட்டிருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

டைரக்ட் ஃப்ளைட் இருக்கா?

சென்னையிலேருந்து இல்ல. டெல்லியிலேருந்துதான் நான்ஸ்டாப், ஏர் கனடா 2015லேருந்து ஓட்டுறாங்க, ஏர் இந்தியா 2019ல ஆரம்பிச்சாங்க.

ஏன் இல்ல? அவ்ளோ தூரம் பறக்க முடியாதா?

முடியும், அதுல சந்தேகமே வேண்டாம். 2021 ஜனவரியில ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு நான்ஸ்டாப்ப ஆரம்பிச்சப்போ முதல் ஃப்ளைட்ட முழுக்கப் பெண் பைலட்டுங்களே வட துருவப் பாதையில ஓட்டிட்டு வந்தாங்க, அது சுமார் 14,000 கிமீ, நம்ம கணக்கவிட அதிகம். சிங்கப்பூர் – நியூயார்க் 15,300 கிமீ, 18 மணி நேரத்துக்கு மேல, அதுவும் தினம் ஓடுது.

ஆனா அந்த சிங்கப்பூர் விமானத்துல எத்தனை சீட்டு தெரியுமா, 161 தான். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, நம்மள மாதிரி ஆளுங்க உக்கார்ற சாதா எகானமி ஒண்ணு கூட கிடையாது. அதுலயே விஷயம் அடங்கிடுச்சு. இவ்ளோ தூரம் நிக்காம பறக்கணும்னா எரிபொருள் ஏகத்துக்கும் ஏத்தணும், அந்த எரிபொருளத் தூக்கிட்டுப் போகவே தனியா எரிபொருள் செலவாகும், பைலட்டும் நாலு பேர் வேணும். அந்தக் காச முன் சீட்டுக்காரங்கதான் கட்டணும். சென்னை – டொரண்டோவுல கூட்டம் இருக்கு, ஆனா அதுல பெரும்பாலும் குடும்பம், ஸ்டூடண்ட்ஸ், தாத்தா பாட்டி, எல்லாம் எகானமி, ரெண்டு பெட்டி ஃபுல் வெயிட். துபாய், தோஹா, லண்டன் வழியா போற கம்பெனிங்க ஏற்கனவே இந்தக் கூட்டத்த அள்ளிட்டுப் போறாங்க. அதனால இப்போதைக்கு யாராவது டைரக்ட் விடுவாங்கன்னு காத்திருக்காதீங்க.

அப்ப மொத்தம் எவ்ளோ நேரம்தான் ஆகும்?

வானத்துல இருக்குற நேரம் எந்த வழியில போனாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். துபாய் வழியா 4 + 14 மணி நேரம். லண்டன் வழியா பத்தரையிலேருந்து 11, அப்புறம் ஒரு 8. ஃபிராங்ஃபர்ட் வழியா 10 + எட்டரை. டெல்லி வழியா 3, அப்புறம் 15, 16, வானம் மூடியிருக்கறதப் பொறுத்து. கூட்டிப் பாருங்க, எல்லாமே 18, 19 பக்கம் வந்து நிக்கும். 20 மணி நேரத்துல போயிட்டேன்னு சொல்றவருக்கும் 32 ஆச்சுன்னு சொல்றவருக்கும் நடுவுல இருக்குறது முழுக்க ஏர்போர்ட் நாற்காலியில உக்காந்த நேரம். அதனால 'எந்த ஏர்லைன் வேகம்'னு தேடாதீங்க, 'எங்க எவ்ளோ நேரம் காத்திருக்கணும்'னு தேடுங்க.

எந்த வழியில சுத்து கம்மி?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. சென்னை – டெல்லி 1,760 கிமீ, டெல்லி – டொரண்டோ 11,640. கூட்டினா 13,400, டைரக்டா போற தூரத்தவிட பத்துப் பதினஞ்சு கிமீதான் கூட. டெல்லி கிட்டத்தட்ட அந்த நூல் பக்கத்துலயே உக்காந்திருக்கு. துபாய் வழியா 2,930 + 11,080, லண்டன் வழியா 8,235 + 5,705, ஃபிராங்ஃபர்ட்டும் அதே ரேஞ்ச், எல்லாம் 14,000 கிமீய ஒட்டி. அதாவது சுத்து வெறும் 500, 600 கிமீ, பறக்குற நேரத்துல முக்கால் மணி நேரம் கூட வராது.

ஹாங்காங் வழியா போனா 16,200ஐத் தாண்டிடும், தலையச் சுத்தி மூக்கத் தொடுற கதை. டிக்கெட் நல்லா சீப்பா கிடைச்சா மட்டும் யோசிங்க.

டைம் வித்தியாசம் எவ்ளோ?

கனடா கோடையில ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்துல பத்தரை. சென்னைதான் முன்னாடி. மார்ச் ரெண்டாவது ஞாயிறு அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி வைப்பாங்க, நவம்பர் முதல் ஞாயிறு பின்னாடி வைப்பாங்க. அந்த வாரம் மட்டும் வீட்டுக்கு வீடியோ கால் பண்றவங்க எல்லாருக்கும் ஒரு மணி நேரம் இடிக்கும்.

டிக்கெட்ல ராத்திரி 10 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 9.30க்குப் போய்ச் சேரும்னு போட்டிருக்கு. பதினொன்றரை மணி நேரம்தானா?

இல்லீங்க, ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம். ஒரு கோடைக்கால உதாரணம் போடுறேன். சென்னையில ராத்திரி 10 மணிக்குக் கிளம்புறீங்க. நாலேகால் மணி நேரத்துல துபாய், அங்க அப்ப 12.45 (துபாய் நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி). 3.30க்கு அடுத்த ஃப்ளைட், 14 மணி நேரம், டொரண்டோவுல காலை 9.30. பதினொன்றரையோட ஒன்பதரையக் கூட்டுங்க, 21 மணி நேரம். மேற்க போறப்போ வித்தியாசத்தக் கூட்டணும்.

திரும்பி வரும்போது கழிக்கணும். மதியம் 2 மணிக்கு டொரண்டோவுல ஏறுனா மறுநாள் ராத்திரி 8.15க்கு சென்னைன்னு காட்டும், முப்பதேகால் மணி நேரம்னு பயந்துடாதீங்க, ஒன்பதரையக் கழிச்சா 20.45 தான்.

திரும்பி வர்ற ஃப்ளைட் மட்டும் எப்படி சீக்கிரம் வருது?

காத்து. தரையிலேருந்து 9, 12 கிமீ உயரத்துல மேற்கேருந்து கிழக்க ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஓடுது, சாதாரணமாவே மணிக்கு 150, 200 கிமீ, குளிர்காலத்துல 300ஐயும் தாண்டும். லண்டன்லேருந்து டொரண்டோ போக 8 மணி நேரம்னா அங்கேருந்து லண்டன் வர 7 கூட ஆகாது சில நாள். 2020 பிப்ரவரியில பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒண்ணு நியூயார்க்லேருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துச்சு, சாதாரணமா ஆறரை, ஏழு மணி நேரம் ஆகுற வழி அது. போறப்போ பைலட்டுங்க இந்தக் காத்துல மாட்டாம வடக்க ஒதுங்கிப் போவாங்க, வரும்போது தேடிப் போய் ஏறிப்பாங்க. சீட்டுக்கு முன்னாடி இருக்குற மேப்ல 'கிரவுண்ட் ஸ்பீட்'னு ஒரு நம்பர் ஓடும் பாருங்க, போறப்போ 850 காட்டுன அதே விமானம் வரும்போது 1,050, 1,100 காட்டும். இன்ஜின் அதே வேலையத்தான் பாக்குது, தள்ளிவிடறது காத்து.

கனெக்‌ஷனுக்கு எவ்ளோ நேரம் விடணும்?

ரெண்டரையிலேருந்து நாலு மணி நேரம். ஒன்றரை மணி நேரத்துக்கும் ஏர்லைன்காரங்க டிக்கெட் விப்பாங்க, அது நீங்க தனியா, கையில ஒரு பேக்கோட, ஓடத் தெரிஞ்சா மட்டும் சரி. சென்னை ஃப்ளைட் அரை மணி நேரம் லேட்டானாலே போச்சு. இறங்கினதும் ட்ரான்சிட்ல மறுபடி செக்யூரிட்டி இருக்கு, பெல்ட்டக் கழட்டு, லேப்டாப்ப எடு, தண்ணி பாட்டில தூக்கிப் போடுன்னு, அந்த வரிசையில நாலஞ்சு ஃப்ளைட் கூட்டம் ஒண்ணா நிக்கும். துபாய்ல கேட்டுக்குப் போகவே சில சமயம் ரயில் ஏறணும், லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுல டெர்மினல் மாறணும்னா பஸ். வீல்சேர்ல வர்றவங்கள ஆள் வந்து கூட்டிட்டுப் போக நேரம் எடுக்கும், அவங்களுக்கு மூணு மணி நேரத்துக்குக் கீழ எடுக்கவே எடுக்காதீங்க.

எட்டு மணி நேரத்துக்கு மேல போனா அது வேற வகையான கஷ்டம். அதுக்கு பத்தாயிரம் ரூபா கூடக் குடுத்து நல்ல கனெக்‌ஷன் எடுத்துடலாம்.

தனித்தனி டிக்கெட்டா எடுத்தா ரொம்ப சீப்பா வருதே?

வரும். சென்னை – துபாய் ஒரு பட்ஜெட் ஏர்லைன்ல, துபாய் – டொரண்டோ இன்னொண்ணுல. முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா ரெண்டாவது கம்பெனிக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல, புது டிக்கெட் உங்க காசு. பெட்டிய நடுவுல வெளிய போய் எடுத்து மறுபடி போடணும், வெளிய போகணும்னா அந்த நாட்டு விசா வேணும். ஒரே பிஎன்ஆர்ல (அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல) எடுத்தா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு, பெட்டியும் நேரா டொரண்டோ. 2025 ஜூன் 23 ராத்திரி கத்தார் திடீர்னு வானத்த மூடுச்சே, அந்த மாதிரி நாள்லதான் ஒரே டிக்கெட்டோட அருமை தெரியும்.

டெல்லி வழியா வர்றவங்க ஒண்ணு கவனிங்க, திரும்பி வரும்போது பொதுவா டெல்லியிலேயே பெட்டிய எடுத்து கஸ்டம்ஸ் முடிச்சுட்டுத்தான் சென்னை ஃப்ளைட் ஏறணும், ஒரே டிக்கெட்டா இருந்தாலும். அதனால அங்க நேரம் தாராளமா விடுங்க.

ட்ரான்சிட் விசா வேணுமா?

இந்தியப் பாஸ்போர்ட், கையில செல்லுபடியாகுற கனடா விசா, ஏர்போர்ட்ட விட்டு வெளிய போகல. இந்த நிலைமையில துபாய், தோஹா, அபுதாபி பிரச்சனை இல்ல. லண்டன், ஃபிராங்ஃபர்ட்லயும் கனடா விசா வெச்சிருக்கறவங்களுக்கு விலக்கு இருக்கு. அமெரிக்கா வழியா மட்டும் போகவே போகாதீங்க, அங்க ட்ரான்சிட்டுக்கே விசா வேணும், ரெண்டு மணி நேரம் நின்னாலும் சரி. விதி மாறிட்டே இருக்கும், பணம் கட்டறதுக்கு முன்னாடி ஏர்லைன் சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க.

அம்மா அப்பா தனியா வர்றாங்க. எந்த வழி நல்லது?

முட்டி வலி, கால் வீக்கம்தான் பெரிய கவலைன்னா லண்டனோ ஃபிராங்ஃபர்ட்டோ, 14 மணி நேரம் ஒரேயடியா உக்கார வேண்டாம், வழி ரெண்டா உடைஞ்சுடும். பாஷை தெரியாதேன்னு பயம்னா கல்ஃப் வழி, அங்க தமிழோ மலையாளமோ ஹிந்தியோ பேசுற ஆள் எந்த மூலையிலயும் கிடைப்பாங்க, பின்னாடி சீட்லயே யாராவது திருச்சிக்காரர் இருப்பார். ரெண்டு கவலையும் இருந்தா நான் கல்ஃப்தான் சொல்லுவேன், கூடவே வீல்சேர் புக் பண்ணி, நடக்கற வழி ஓரத்து சீட்டு வாங்கிக் குடுத்துடுங்க. சும்மா உக்காந்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டற ஆபத்து இருக்கு, 4 மணி நேரத்துக்கு மேல போற எந்த ஃப்ளைட்டுக்கும் இது பொருந்தும், அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து கடைசி வரைக்கும் ஒரு நடை நடக்கச் சொல்லுங்க. சுகர், பிபி மாத்திரை கைப்பையில, டாக்டர் சீட்டோட. பெட்டிக்குள்ள போட்டு அனுப்பிடக் கூடாது. மாத்திரைய வீட்டு நேரப்படி போடணுமா கனடா நேரப்படி போடணுமான்னு நடு வானத்துல முழிக்கக் கூடாது, அத டாக்டர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுடுங்க.

சைவம் சாப்பிடறவங்களுக்கு 'ஏவிஎம்எல்'னு ஒரு மீல் கோட் இருக்கு, ஏசியன் வெஜிடேரியன், 24 மணி நேரம் முன்னாடியே போட்டுடணும். ஃப்ளைட்ல ஏறிட்டுக் கேட்டா பன்னும் பழமும்தான்.

ஃப்ளைட்ல எப்ப விடியும்?

மாசத்தப் பொறுத்தது. ஜூன்ல துபாய்லேருந்து விடியக்காலை 3.30க்குக் கிளம்புனா வடக்க போகப் போக ராத்திரியே சின்னதாகி சட்டுனு வெளிச்சம் வந்துடும், ஜன்னல் மூடிய இறக்கச் சொல்லுவாங்க. டிசம்பர்ல அதே ஃப்ளைட்ல இருட்டோட கிளம்பி கிட்டத்தட்ட டொரண்டோ வரைக்கும் இருட்டுதான், சூரியன் துரத்துது நீங்க ஓடுறீங்க. நல்லாத் தூங்கலாம்.

ஜெட்லாக் எத்தனை நாள்?

தோராயமா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உடம்பு சரி பண்ணிக்கும், அப்ப ஒரு வாரம், பத்து நாள். பெரும்பாலானவங்களுக்கு மேற்க போறது சுலபம், கிழக்க திரும்பி வர்றதுதான் அடிக்கும். போனதும் சாயங்காலம் 5 மணிக்குக் கண்ணு சொருகும், அப்பத் தூங்கிட்டா நடுராத்திரி 1 மணிக்கு எழுந்து சமையல்கட்டுல பாத்திரம் உருட்டிட்டு இருப்பீங்க. வெளிய வெளிச்சத்துல ஒரு நடை போய்ட்டு வந்து எட்டு மணி வரைக்கும் தாக்குப் பிடிங்க.

பெட்டியில என்ன போகாது?

ஊறுகாய், நெய் எல்லாம் கைப்பையில வேண்டாம், பெரிய பெட்டியில ரெண்டு கவர் போட்டு. கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், அது தானா சூடாகித் தீப்பிடிக்கிற பொருள் லிஸ்ட்ல இருக்கு. விதை, செடி, பழம், கறி இதெல்லாம் கனடா கஸ்டம்ஸ்ல சிக்கல். சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் 'இருக்கு'ன்னு டிக் பண்ணச் சொல்லுங்க, சொன்னா பாத்துட்டு விட்டுடுவாங்க இல்ல எடுத்துப்பாங்க, மறைச்சாத்தான் அபராதம்.

கொழும்பு, யாழ்ப்பாணத்துலேருந்து கணக்கு என்ன?

கொழும்பு – டொரண்டோ சுமார் 14,000 கிமீ, சென்னையவிட 600 கூட. டைரக்ட் இல்ல, கல்ஃப் வழிதான் வழக்கம். யாழ்ப்பாணம் போறவங்களுக்கு சென்னை ஒரு நல்ல வழி, அங்க இருக்குற பலாலி ஏர்போர்ட்டுக்கு இங்கேருந்து 350 கிமீதான், சின்ன விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. 2022 டிசம்பர்ல அந்த சர்வீஸ் மறுபடி ஆரம்பிச்சுது. கொழும்புல இறங்கி ராத்திரி பூரா பஸ்லயோ ரயில்லயோ வடக்க போறதுக்கு இது எவ்வளவோ தேவல. ஆனா சென்னையில டிக்கெட் தனியா இருந்தா வெளிய வந்து மறுபடி ஏறணும், கனடியப் பாஸ்போர்ட்டுக்கு அப்ப இந்திய விசா வேணும், அத முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க.

பியர்சன்ல கூப்பிட எத்தனை மணிக்கு வரணும்?

ஃப்ளைட் தரை தொட்டதுலேருந்து ஒன்றேகால் மணி நேரம் கழிச்சு. ஸ்டூடண்ட்டோ வொர்க் பர்மிட்டோ முதல் தடவை வர்றாங்கன்னா இமிகிரேஷன் ரூம்ல தனி வரிசை, ரெண்டரை, மூணு மணி நேரம் கூட ஆகும். சீக்கிரமே போய் பார்க்கிங்ல காசத் தண்டம் கட்டாதீங்க, உள்ள இலவச வைஃபை இருக்கு, பெட்டி கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்ல மெசேஜ் போடச் சொல்லுங்க, அப்பக் கிளம்பி உள்ள வந்தாப் போதும். நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும்னா தடி ஜாக்கெட் ஒண்ணு கார்லயே வெச்சுக்கோங்க, சென்னையில வாங்குன ஸ்வெட்டர் கதவத் தாண்டினதும் பத்தாது.